அம்மாவைக் காப்பாற்ற ஓடியவன்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் எனக்கு முன்னால் பேசியவர்கள் சிலப்பதிகாரத்து இசையைப் பற்றியும் கல்வெட்டுகளைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். நான் கார்ட்டூன் படங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தொலைபேசியில் தலைப்பைச் சொன்னபோது மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, “குழந்தைகள் படமா ஐயா?” என்று தயங்கிக் கேட்டார்கள். பாதி ஆமாம், பாதி இல்லை என்றேன். நான் பேசப்போகும் படத்தில் ஒருவன் தன் தாயைக் காப்பாற்றுகிறான். பிறகு அவனே திரும்பிப் போய் அவளைச் சாகவிட்டுவிட்டு வருகிறான். உலகத்திலேயே வேகமாக ஓடக்கூடியவன் அவன்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி? பேராசிரியன் இல்லை. இளவயதில் சென்னையில் ஓர் அனிமேஷன் கூடத்தில் மூன்று ஆண்டு இன்பிட்வீனராக இருந்தேன். பாடநூல்கள் ‘அசைவூட்டம்’ என்று எழுதுகின்றன. நாங்கள் அனிமேஷன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், இங்கும் அப்படியே சொல்கிறேன். மூத்த ஓவியர் ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் வரைந்து கொடுப்பார். அவை கீ. இரண்டு கீகளுக்கு நடுவில் வரவேண்டிய படங்களை நாங்கள் வரைவோம். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை. தாள்கள் நழுவாமலிருக்க பெக் பார். இடது கை விரல்களுக்கு நடுவே நாலைந்து தாள்களைச் செருகிக்கொண்டு முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருக்கவேண்டும். முன்னால் புரட்டினால் கையிலிருந்த குவளை கீழே விழுந்து உடையும். பின்னால் புரட்டினால் உடைந்த சில்லுகள் ஒட்டிக்கொண்டு குவளை கைக்கு ஏறிவிடும். பிடிக்கவில்லையென்றால் ஒரு தாளை உருவிக் கசக்கி எறிந்துவிட்டு வேறு வரையலாம். நடந்தது நடக்காததாகிவிடும். மற்றவர்களுக்குக் காலப் பயணம் கற்பனை. எங்களுக்கு அது மாதச் சம்பளத்துக்குச் செய்த வேலை.

அதனால்தான் கார்ட்டூனில் எவரும் சாவதில்லை. 1949இல் சக் ஜோன்ஸ் உருவாக்கிய அந்த ஓநாயை நினைத்துப் பாருங்கள். செங்குத்துப் பாறையிலிருந்து விழும். கீழே புழுதி மட்டும் வட்டமாகக் கிளம்பும். அடுத்த ஷாட்டில் புதிய திட்டத்தோடு வந்து நிற்கும். சாவைத் தாளிலேயே அழித்துவிடக்கூடிய ஒரு கலை அது.

சூப்பர் ஹீரோ காமிக்ஸிலும் எவரும் சாவதில்லை. ஆனால் காரணம் வேறு. அது வியாபாரம். நாயகன் செத்தால் பத்திரிகை விற்கும். செத்தே கிடந்தால் பத்திரிகை நின்றுவிடும். 1992இல் சூப்பர்மேனைக் கொன்றார்கள், வரிசையில் நின்று வாங்கினார்கள். 1993இல் திரும்பி வந்தான். நம் கதாநாயகன் ஃப்ளாஷ், அதாவது பேரி ஆலன், 1985இல் செத்தான். அவன் சாவு மட்டும் மெய்யானது என்று வாசகர்கள் நம்பினார்கள். 23 ஆண்டு நம்பினார்கள். 2008இல் அவனும் ஓடி வந்துவிட்டான்.

ஆக, சாவில்லாத ஒரு கலையும் சாவை அனுமதிக்காத ஒரு வியாபாரமும் சேர்ந்தால் என்ன வரும்? எதற்கும் எடையில்லாத கதைதான் வரும். யார் விழுந்தாலும் நமக்குப் பதறாது. இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்ட எழுத்தாளர்கள் கண்டுபிடித்த தந்திரம்தான் காலப் பயணம். சாவைத் துடைத்துப்போட உதவும் கருவி என்றுதான் அதை எல்லோரும் நினைக்கிறார்கள். அது இந்தச் சூப்பர் ஹீரோ அனிமேஷன் படங்களில் நேர் எதிரான வேலையைச் செய்கிறது என்பது என் கட்சி. ஒரே ஒரு சாவை மட்டும் அசைக்க முடியாததாக்குகிறது. போய் மாற்றிப் பார், விலை என்னவென்று தெரிந்துகொள், பிறகு நீயே திருப்பி வைத்துவிட்டு வா என்கிறது. அதன் பிறகு அந்தச் சாவை எந்தத் தாளிலும் எவரும் அழிக்கமுடியாது.

ஃப்ளாஷுக்கு வருவோம். பேரி ஆலன் முதலில் வந்தது 1956இல், ‘ஷோகேஸ்’ நான்காம் இதழில். கார்மைன் இன்ஃபான்டினோவின் ஓவியம். காவல் துறைத் தடயவியல் ஆய்வாளன். ஆய்வகத்தில் மின்னல் விழுந்து ரசாயனக் குப்பிகள் அவன் மேல் சிதற, வேகம் வருகிறது. 1961லேயே அவனுக்குக் காலத்தில் முன்னும் பின்னும் ஓட ஒரு டிரெட்மில் கொடுத்துவிட்டார்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் இன்று நம்மவர்கள் ஓடிக்கொண்டு எங்கும் போகாமல் நிற்கிறார்களே, அதே கருவி. அவன் மட்டும் அதில் ஓடி வேறு நூற்றாண்டுக்குப் போனான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்துக் கதைகளில் பேரியின் பெற்றோர் உயிரோடுதான் இருந்தார்கள். அம்மா நோரா, அப்பா ஹென்றி, சாதாரணக் குடும்பம். பேரிக்குத் துயரமான முன்கதை எதுவும் கிடையாது. அவன் நல்லவன் என்பதால் நல்லது செய்தான். அறுபதுகளுக்கு அது போதுமானதாக இருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2009இல், ஜெஃப் ஜான்ஸ் என்ற எழுத்தாளர் ‘த ஃப்ளாஷ்: ரீபர்த்’ கதையில் நோராவைக் கொன்றார். நிகழ்காலத்தில் அல்ல, பேரியின் குழந்தைப் பருவத்தில். ரிவர்ஸ் ஃப்ளாஷ் என்ற மஞ்சள் உடை வில்லன் காலத்தில் பின்னால் போய் அவளைக் கொன்றுவிட்டான், பழி அப்பா மேல் விழுந்தது என்று எழுதினார். அதாவது அந்தத் தாய் ஐம்பது ஆண்டு உயிரோடு இருந்துவிட்டு, திடீரென்று, என்றோ செத்துப்போனவளாகிவிட்டாள். வில்லன் செய்த கொலைதான். ஆனால் நிஜத்தில் பின்னால் போய்த் தாளை உருவி வேறு தாள் வைத்தவர் எழுத்தாளர். எங்கள் மேசையில் நாங்கள் செய்ததும் அதே வேலைதான்.

அதற்கு அடுத்த கட்டம் 2011இல் ஜான்ஸும் ஓவியர் ஆண்டி குபர்ட்டும் ஐந்து இதழ்களில் வெளியிட்ட ‘ஃப்ளாஷ்பாயின்ட்’. 2013இல் அது அனிமேஷன் படமானது: ‘ஜஸ்டிஸ் லீக்: த ஃப்ளாஷ்பாயின்ட் பாரடாக்ஸ்’. இயக்கியவர் ஜே ஒலீவா, திரைக்கதை ஜிம் க்ரீக். திரையரங்குக்கு வராமல் நேராக வட்டில் வெளியான படம், ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. பத்து வருடம் கழித்துப் பெரும் பொருட்செலவில் நடிகர்களை வைத்து அதே கதையை எடுத்தார்கள். இரண்டையும் பார்த்தவர்கள் இந்தச் சிறிய படத்தைத்தான் பரிந்துரைப்பார்கள்; நானும்தான்.

பேரி ஒருநாள் அலுவலக மேசையில் கண் விழிக்கிறான். வேகம் போய்விட்டது. ஆனால் அம்மா உயிரோடு இருக்கிறாள். அவன் மகிழ்ந்து முடிப்பதற்குள் உலகம் வேறாக இருப்பது தெரிகிறது. மனைவி வேறொருவரின் மனைவி. சூப்பர்மேன் என்ற பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. அட்லான்டிஸ் மன்னனும் அமேசான் அரசியும் போர் தொடுத்து ஐரோப்பாவின் மேற்குப் பகுதி கடலுக்குள் போய்விட்டது. பேட்மேன் இருக்கிறான், ஆனால் அது ப்ரூஸ் வேய்ன் இல்லை. நமக்குத் தெரிந்த கதையில் ஒரு சந்தில் பெற்றோர் சுடப்பட்டு மகன் பிழைத்தான். இங்கே மகன் சுடப்பட்டுப் பெற்றோர் பிழைத்தார்கள். அப்பா தாமஸ் வேய்ன்தான் நரைத்த தலையோடு, துப்பாக்கியோடு, வௌவால் உடையில் திரிகிறார். மோதிரத்திலிருந்து தன் சிவப்பு உடை வரும் என்று பேரி திறக்க, மஞ்சள் உடை வந்து விழுகிறது. எல்லாவற்றையும் மாற்றியவன் ரிவர்ஸ் ஃப்ளாஷ்தான் என்று அவன் முடிவு கட்டிவிடுகிறான், நாமும் கட்டிவிடுகிறோம்.

சூப்பர்மேன் எங்கே என்ற கேள்விக்குப் படம் தரும் விடை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அரசாங்க நிலவறையில் சூரிய ஒளியே படாமல் அடைக்கப்பட்ட ஓர் எலும்புக்கூடு. கன்னம் ஒட்டிய, வெளிச்சத்தைக் கண்டு கூசும் ஒரு பையன். சூப்பர்மேனின் தோள் எவ்வளவு அகலம் என்பதற்கு எங்கள் தொழிலில் மாடல் ஷீட் உண்டு. அதை மீறி வரையக்கூடாது. அந்தத் தோளை இப்படி ஒடுக்கி வரைய ஓவியருக்குக் கை கூசியிருக்கும்.

பேரி வேகத்தை மீட்க, வேய்ன் மாளிகையின் உச்சியில் நாற்காலி போட்டு மின்னலை வரவழைக்கிறார்கள். முதல் முறை வெந்து போகிறான். இரண்டாம் முறை கிடைக்கிறது. கடைசியில் வில்லன் உண்மையைச் சொல்கிறான்: காலத்தை உடைத்தது நானில்லை, நீ. அம்மாவைக் காப்பாற்ற ஓடியது பேரியேதான். ஓர் ஓட்டத்தில் உலகம் எப்படி இவ்வளவு மாறும், பேட்மேனின் பெற்றோருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், ஒலியின் வேகத்தைத் தாண்டும் விமானம் எழுப்பும் அதிர்வைப்போல, அவன் ஓட்டத்தின் அதிர்வு முன்னும் பின்னும் பரவிவிட்டது என்கிறார்கள். இயற்பியல் துறை நண்பர்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். இந்தப் படங்களில் அறிவியல் என்பது திருமண வீட்டு வாழைமரம். வாசலில் கட்டியிருக்கவேண்டும், அவ்வளவுதான்.

தாமஸ் வேய்ன் வில்லனைச் சுட்டுக் கொல்கிறார். பேரியிடம் ஒரு கடிதம் கொடுக்கிறார். பேரி பின்னால் ஓடுகிறான், தனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் தன்னையே பிடித்து நிறுத்துகிறான். அம்மா செத்துப்போகிறாள். இதை 1978இல் வந்த ரிச்சர்ட் டானரின் ‘சூப்பர்மேன்’ படத்தோடு வைத்துப் பாருங்கள். காதலி லோயிஸ் இறந்ததும் சூப்பர்மேன் பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தைப் பின்னோக்கித் திருப்புகிறான், அவள் பிழைத்துக்கொள்கிறாள், கட்டணம் ஏதுமில்லை. அந்தப் படம் எனக்குப் பிடிக்கும், ஆனால் அந்த முடிவு கார்ட்டூன் ஓநாயின் நீதி. உயிருள்ள நடிகர்களை வைத்து எடுத்த படம் கார்ட்டூனைப்போல நடந்துகொண்டது. கார்ட்டூனாக எடுத்த படம் சாவைக் கணக்கில் வைத்தது.

கணக்கு என்றதும் இன்னொன்று. ‘ஃப்ளாஷ்பாயின்ட்’ முடிந்த கையோடு, 2011 செப்டம்பரில், இந்தக் காமிக்ஸை வெளியிடும் டிசி நிறுவனம் 52 பத்திரிகைகளை முதலாம் இதழிலிருந்து புதிதாகத் தொடங்கியது. பேரி திரும்பி வந்த உலகம் முன்பிருந்த உலகம் அல்ல, கொஞ்சம் மாறியது. அந்த மாற்றத்தில் பழைய முரண்பாடுகள் எல்லாம் தள்ளுபடி. நம் கடைக்காரர்கள் தீபாவளிக்குப் புதுக்கணக்கு போடுவார்களே, அதைப் போல. ஒரு மகனின் துக்கத்தை வைத்து ஒரு நிறுவனம் பேரேட்டை முடித்துக்கொண்டது என்று ஏளனமாகச் சொல்லலாம். சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. காசுக்காகச் செய்த வேலையில் நல்ல வேலை ஒளிந்துகொண்டு வருவது எங்கள் தொழிலில் புதிதல்ல.

நடந்த சாவைத் திருப்பி வைத்தே ஆகவேண்டும் என்ற இந்தத் தர்க்கத்தைக் கேலி செய்த படம் ஒன்று உண்டு. எனக்கு அது இன்னும் துணிச்சலானதாகப் படுகிறது. 2018இல் வந்த ‘டீன் டைட்டன்ஸ் கோ! டு த மூவீஸ்’, ஏரன் ஹார்வத்தும் பீட்டர் ரீடா மிக்கேலும் இயக்கியது. பேட்மேனின் உதவியாளன் ராபினுக்கு ஒரு மனக்குறை: எல்லோரைப் பற்றியும் படம் எடுக்கிறார்கள், என்னைப் பற்றி எடுக்கவில்லை. மற்ற ஹீரோக்களே இல்லாவிட்டால்? நண்பர்களோடு காலத்தில் பின்னால் போகிறான். சூப்பர்மேன் பிறந்த க்ரிப்டான் கிரகம் வெடிக்காமல் தடுக்கிறார்கள். வேய்ன் குடும்பத்தை அந்தச் சந்துக்குள் போகவிடாமல் திருப்பிவிடுகிறார்கள். யாரும் சாகவில்லை, எல்லோரும் சௌக்கியம். திரும்பி வந்தால் உலகம் பற்றி எரிகிறது. காப்பாற்ற ஒருவரும் இல்லை. சரி, போய்ச் சரிசெய்வோம் என்று மறுபடி போய், கிரகத்தை வெடிக்கவிட்டு, வேய்ன் தம்பதியரைச் சிரித்த முகத்தோடு அந்தச் சந்துக்குள் தள்ளிவிடுகிறார்கள். என்னோடு இந்தப் படத்தைப் பார்த்த என் பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, “தாத்தா, அவங்களை இவங்கதானே கொன்னாங்க?” என்று கேட்டான். எட்டு வயது. ‘ஃப்ளாஷ்பாயின்ட்’ கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் அழுதுகொண்டு சொன்னதை இந்தப் படம் சில நிமிடத்தில் கேலியாகச் சொல்லிவிட்டது: இந்த நாயகர்கள் வேண்டுமென்றால் அந்தப் பிணங்களும் வேண்டும், அவற்றை ரசித்துக் காசு கொடுத்தவர்கள் நாம்தான்.

இந்த வகையில் வேறு படங்களும் உண்டு. 2014இல் வந்த ‘ஜேஎல்ஏ அட்வென்சர்ஸ்: ட்ராப்டு இன் டைம்’ சிறுவர்களுக்கானது, குழந்தை சூப்பர்மேனை கென்ட் தம்பதியர் எடுத்து வளர்க்கவிடாமல் தடுக்க வில்லன்கள் பின்னால் போகிறார்கள். நேர்த்தியான சிறு கதை. 2018இன் ‘பேட்மேன் நிஞ்ஜா’ ஜப்பானியர்கள் செய்தது. கோத்தம் நகரத்து வில்லன்கள் பழைய ஜப்பானின் போர்க் காலத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள், கோட்டைகள் எந்திர மனிதர்களாக எழுந்து நடக்கின்றன. கண்ணுக்கு விருந்து. ஆனால் அங்கே காலம் என்பது மாற்று உடை மட்டும். எதுவும் பணயம் வைக்கப்படவில்லை. கோட்டை என்றதும், லயன் காமிக்ஸில் சட்டித்தலையன் ஆர்ச்சி கோட்டை வடிவக் கால எந்திரத்தில் போனதை நினைக்கும் நரைத்த தலைகள் சில இந்த அவையில் இருக்கலாம். அதுவும் உல்லாசப் பயணம்தான்.

இந்த இடத்தில் எனக்கே என் கட்சியின் மேல் ஒரு வருத்தம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. சாவுக்கு எடை கொடுத்தார்கள் என்றேன். யாருடைய சாவுக்கு? 1999இல் கெயில் சிமோன் என்ற வாசகி, பிற்பாடு அவரே பெரிய காமிக்ஸ் எழுத்தாளரானார், ஆண் நாயகனுக்குத் துக்கம் வேண்டும் என்பதற்காகவே கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். நீண்ட பட்டியல். அது வெளிவந்து பத்தாண்டு கழித்துத்தான் நோரா கொல்லப்பட்டாள். அதாவது தெரிந்தே செய்தார்கள். படத்தில் நோராவுக்கு என்ன பிடிக்கும், என்ன வேலை, யார்மேல் கோபம் என்று எதுவும் நமக்குத் தெரியாது. அன்பானவள், அவ்வளவுதான். தன் உயிர் இரண்டு முறை பேரம் பேசப்பட்டது அவளுக்கே தெரியாது; அவளை யாரும் கேட்கவில்லை. இன்னொரு தாயைப் பாருங்கள். மகன் ப்ரூஸ் சுடப்பட்ட அந்த உலகில் அப்பா பேட்மேன் ஆகிறார். அம்மா மார்த்தா? அவள் புத்தி பேதலித்து ஜோக்கர் ஆகிவிடுகிறாள். ஒரே துக்கம், அப்பனுக்கு அது வீரம், அம்மாவுக்கு அது பைத்தியம். தாமஸின் கதையை ஒரு படமாகவே எடுக்கலாம் என்று ரசிகர்கள் சொல்வார்கள். மார்த்தாவின் கதையை எடுங்கள் என்பேன் நான்.

நாயகன் குனிந்து விதியை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா என்று எதிர்க்கேள்வி கேட்ட படம் 2023இல் வந்தது: ‘ஸ்பைடர்மேன்: அக்ராஸ் த ஸ்பைடர்வெர்ஸ்’. கண்டிப்பாகப் பார்த்தால் அது காலப் பயணம் இல்லை, உலகம் விட்டு உலகம் தாவுவது. ஆனால் சண்டை அதே சண்டை. தமிழிலும் குரல் கொடுத்து வெளியிட்டார்கள். நான் அப்படித்தான் பார்த்தேன். எல்லா உலகங்களிலும் உள்ள எல்லா ஸ்பைடர்மேன்களுக்கும் சில சம்பவங்கள் நடந்தே தீரவேண்டும், நெருக்கமான ஒரு காவல் அதிகாரி சாகவேண்டும், தடுத்தால் உலகமே கலைந்துவிடும் என்கிறான் எதிர்காலத்திலிருந்து வந்த மிகேல் ஓ’ஹாரா. அவனுக்கு அனுபவம் உண்டு. வேறோர் உலகில் செத்துப்போன தன் சாயலின் இடத்தில் போய் அமர்ந்து, அவன் மகளுக்குத் தகப்பனாக இருந்து, அந்த உலகம் கண்ணெதிரே கரைவதைப் பார்த்தவன். இந்த விதி பிறந்த இடம் ஒன்றும் தெய்வீகமானதில்லை. 1970இல் ஸ்பைடர்மேன் காமிக்ஸில் கேப்டன் ஸ்டேசி என்ற காவல் அதிகாரியைக் கொன்றார்கள். நன்றாக விற்ற ஒரு சாவு அரை நூற்றாண்டில் பிரபஞ்ச விதியாகிவிட்டது.

படத்தின் நாயகன், பதினைந்து வயது ஸ்பைடர்மேன் மைல்ஸ் மொராலெஸின் அப்பாவும் காவல் துறைக்காரர், கேப்டன் ஆகப்போகிறார். மும்பையையும் மன்ஹாட்டனையும் குழைத்துச் செய்த மும்பாட்டன் என்ற ஊரில், அவ்வூர் ஸ்பைடர்மேன் பவித்ர் பிரபாகரின் காதலியினுடைய தகப்பனை மைல்ஸ் விதியை மீறிக் காப்பாற்றிவிடுகிறான். ஊரின் நடுவே ஒரு பள்ளம் திறக்கிறது. அப்படியும் அவன் கேட்கவில்லை. என் அப்பாவைச் சாகவிட முடியாது என்று நூற்றுக்கணக்கான ஸ்பைடர்மேன்களிடமிருந்து தப்பி ஓடுகிறான். விடையை அடுத்த பாகத்துக்கு ஒத்திவைத்துவிட்டார்கள்.

முந்தைய பாகத்தில், 2018இல், அந்த ஓவியர்கள் செய்த ஒரு காரியம் எங்கள் தொழில்காரர்களுக்குத்தான் சட்டென்று தெரியும். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் போட்டால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும்; ஒரு படத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினால், அதாவது விநாடிக்கு 12 போட்டால், லேசாகத் தட்டுத்தடுமாறும். பனிக் காட்டில் நூல் பிடித்துத் தாவும் காட்சியில் அனுபவசாலி ஸ்பைடர்மேன் பீட்டருக்கு 24, கற்றுக்குட்டி மைல்ஸுக்கு 12. ஒரே சட்டத்துக்குள் இரண்டு காலம் ஓடுகிறது. பையன் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள அவன் காலமும் நிறைகிறது. எந்தக் கால எந்திரமும் இல்லாமல் செய்த காலப் பயணம் இது.

முடிக்கும் முன், ‘ஃப்ளாஷ்பாயின்ட்’ படத்தில் நான் பாதியில் விட்டுவந்த கடிதம். பேரி திரும்பி வந்து, பேட்மேனின் குகைக்குப் போய், அதை ப்ரூஸிடம் கொடுக்கிறான். இல்லாமல் போன ஓர் உலகத்திலிருந்து, செத்த மகனுக்கு அப்பா எழுதியது. பேட்மேன் படிக்கிறான். அழுகிறான். அந்தப் பாத்திரம் கண்ணீர் விட்டு நாம் பார்த்திருப்பது அபூர்வம்.

அந்தப் படத்தில் ப்ரூஸுக்குக் குரல் கொடுத்தவர் கெவின் கான்ராய். 1992இல் தொலைக்காட்சித் தொடரில் தொடங்கி முப்பது ஆண்டு அவர்தான் பேட்மேன். 2022 நவம்பரில் காலமானார். அதற்கு முன் அவர் பதிவு செய்துவைத்த குரல் 2024இல் வந்த ‘க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ மூன்றாம் பாகத்தில் கொஞ்ச நேரம் வருகிறது. உலகங்கள் ஒவ்வொன்றாக அழியும் கதை அது. அமெரிக்க அனிமேஷனில் குரலைத்தான் முதலில் பதிவு செய்வார்கள். குரல் கையில் வந்த பிறகே படம். எக்ஸ்-ஷீட்டில் ஒவ்வோர் எழுத்தும் எந்தச் சட்டத்தில் விழுகிறது என்று குறித்து, அதற்கேற்ப உதட்டை வரையவேண்டும். நானும் செய்திருக்கிறேன். ஒரே சொல்லை முன்னால் ஓட்டி, பின்னால் ஓட்டி, நாற்பது ஐம்பது தடவை கேட்கவேண்டியிருக்கும். ஏதோ ஓர் ஊரில் யாரோ ஓர் இளைஞன் அந்தக் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டி, அந்த வாயை வரைந்து முடித்திருக்கவேண்டும்.